குடும்ப விருதுகள்: சின்னத்திரை யாரைப் பாராட்டுகிறது, யாரை விட்டுவிடுகிறது?

தமிழ்த் தனியார் தொலைக்காட்சிகள் தங்கள் நெடுந்தொடர்களுக்குத் தாங்களே விழா எடுத்து விருது வழங்கிக்கொள்கின்றன. 'சன் குடும்பம் விருதுகள்', ஜீ தமிழின் 'குடும்பம் விருதுகள்', விஜய் தொலைக்காட்சியின் விருது விழா என ஒவ்வொன்றும் பல மணி நேர நிகழ்ச்சியாக ஒளிபரப்பாகிறது. இவற்றுக்கு அப்பால், தமிழ்நாடு அரசு வழங்கும் சின்னத்திரை விருதுகளும் உள்ளன.

திரைப்படத்தில் சாதி எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் நிறையவே விவாதித்திருக்கிறோம். திரைப்பட விருதுகளில் யார் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறோம். ஆனால் சின்னத்திரையை, குறிப்பாகப் பகலில் பெண்கள் பார்க்கும் தொடர்களை, 'அழுகாச்சி நாடகம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த ஒதுக்கல் சரியன்று. திரைப்படம் எப்போதாவது பார்க்கப்படுவது. தொடரோ வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள், ஆண்டுக்கணக்கில், வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்துகொள்வது. எது நல்ல குடும்பம், எது நல்ல பெண், எது தகுந்த திருமணம் என்ற பாடத்தை நாள்தோறும் நடத்துவது அதுவே. அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் போடும் இடமே விருது விழா.

இவ்விருதுகள் பாராட்டுவது நடிப்பை மட்டுமன்று. சாதியின் பெயரை ஒருமுறையும் உச்சரிக்காமல், சாதிக் குடும்பத்தையே முன்மாதிரிக் குடும்பமாக நிறுவி அதற்கு மாலையிடுகின்றன என்பதே நம் வாதம். இதைக் கீழத்தஞ்சையின் கீழ்வேளூரிலிருந்து பார்க்கும்போது தெளிவாகக் காண முடியும் என்பதால் இக்கட்டுரை அப்பகுதியைத் தன் நோக்குமிடமாகக் கொள்கிறது.

பகல்நேரத் தொடரும் அதற்கான விருதும்

வீட்டிலிருக்கும் பெண்களை நோக்கிப் பகலில் ஒலிபரப்பாகும் தொடர்கதை, 1930களில் அமெரிக்க வானொலியில் உருப்பெற்றது. அதற்குப் பொருளுதவி செய்தவை பெரும்பாலும் சோப்பு, சலவைப்பொருள் நிறுவனங்கள். 'சோப் ஓப்பரா' என்ற கேலிப்பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. 1937இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' என்னும் தொடர் 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை நீடித்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் 1949இல் தொடங்கின. மாலை, இரவு நிகழ்ச்சிகளின் நிழலில் பகல்நேரக் கலைஞர்கள் கவனிக்கப்படாமல் போனதால், 1974 மே 28 அன்று நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் வளாகத்தில் 'பகல்நேர எம்மி' தனி விழாவாக நடத்தப்பட்டது. 'பெண்களுக்கான இரண்டாந்தர நிகழ்ச்சி' என்று தள்ளிவைக்கப்பட்ட ஒரு துறை, தனக்கான மதிப்பைத் தானே கேட்டுப் பெற்ற வரலாறு அது. அந்த அளவில் அது பாராட்டத்தக்கது.

ஆனால் அந்த மதிப்பும் எல்லாருக்கும் ஒன்றாகக் கிட்டவில்லை. சிறந்த நாயக நடிகர் பிரிவில் முதல் கறுப்பினக் கலைஞராக ஆல் ஃப்ரீமன் ஜூனியர் வென்றது 1979இல். சிறந்த நாயகிப் பிரிவிலோ, முதல் கறுப்பினப் பெண்ணாக மிஷேல் மார்கன் வென்றது 2022இல். விருது தொடங்கி 48 ஆண்டுகள்! பகல்நேரத் தொடரின் பார்வையாளர்களில் கறுப்பினப் பெண்கள் தொடக்கம் முதலே இருந்தார்கள். பார்ப்பதற்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். நாயகியாகப் பாராட்டப்படுவதற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கை அங்கே போட முடிகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். யார் எந்த இனத்தவர் என்பது அங்கே வெளிப்படையாகப் பேசப்படுகிறது. எனவே இத்தனை ஆண்டுகள் ஆயின என்று சுட்டிக்காட்ட முடிகிறது. தமிழ்ச் சின்னத்திரை விருதுகளைப் பற்றி இத்தகைய கணக்கை நாம் எழுத முயன்றால் முதல் வரியிலேயே நின்றுவிடுவோம். 'இங்கே யாரும் சாதி பார்ப்பதில்லை' என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. பார்க்கவில்லை என்று சொல்வதே கணக்கெடுப்பைத் தடுக்கும் வழியாகிவிடுகிறது.

தமிழ்ச் சின்னத்திரையில் 'குடும்பம்'

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. தனியார் துறையில் 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது. 1999இல் தொடங்கிய 'சித்தி', 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி', 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' ஆகியவை நெடுந்தொடரைத் தமிழ் வீடுகளின் அன்றாட வழக்கமாக்கின. காலை பதினொரு மணி தொட்டு இரவு வரை தொடர்கள் வரிசையாக நிரம்பின. 2008இல் ஜீ தமிழ் வந்தபின் போட்டி மேலும் கூடியது.

இந்தப் போட்டியில் பிறந்தவையே விருது விழாக்கள். சன் குடும்பம் விருதுகள் 2010இல் தொடங்கின. இவ்விழாக்களின் அடிப்படை இயல்பு ஒன்றுண்டு: ஒவ்வொரு தொலைக்காட்சியும் தன் தொடர்களுக்கு மட்டுமே விருது தருகிறது. தயாரிப்பதும் ஒளிபரப்புவதும் போட்டியிடுவதும் தீர்ப்பளிப்பதும் ஏறத்தாழ ஒரே நிறுவனம். ஆகவே இது துறை முழுவதையும் அளக்கும் விருது அன்று. நிறுவனம் தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்ளும் நிகழ்ச்சி. அவ்வாறிருப்பதில் சட்டப்படி பிழையில்லை. ஆனால், தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் இடத்தில்தான் ஒரு நிறுவனம் எதை உயர்வென்று நம்புகிறது என்பது வெளிப்படும்.

அங்கே வெளிப்படும் சொல் 'குடும்பம்'. விருதின் பெயரிலும் குடும்பம், பிரிவுகளிலும் குடும்பம். சிறந்த நடிகர், இயக்குநர் என்னும் வழக்கமான பிரிவுகளோடு சிறந்த மாமியார், சிறந்த மருமகள், சிறந்த இணை என உறவுமுறைகளுக்கே விருது தரப்படுகிறது. நடிகையின் திறனுக்குத் தரப்படும் பட்டம், அவர் ஏற்ற உறவின் பெயரால் தரப்படுகிறது. உழைக்கும் பெண், ஊராட்சித் தலைவர், தொழிற்சங்கப் பெண், படிக்கப் போராடும் மாணவி ஆகியோருக்குத் தனிப் பிரிவுகள் இல்லை. பெண் என்பவள் ஏதோ ஒரு வீட்டின் மருமகள் அல்லது மாமியார். அதற்கு மேல் அவளுக்கு அடையாளமில்லை.

குடும்பம் என்பது சாதிக்கு அப்பாற்பட்ட இயல்பான அமைப்பு என்று தோன்றலாம். அண்ணல் அம்பேத்கர் 1916ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தளித்த 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையில் இத்தோற்றத்தைக் கலைத்தார். சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்றும், அதைக் காப்பதற்காகவே பெண்ணின் வாழ்வு கட்டுப்படுத்தப்பட்டது என்றும் அவர் நிறுவினார். யார் யாரை மணக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அலகு குடும்பம். சாதி அன்றாடம் மறுவுற்பத்தியாகும் இடம் அதுவே.

நெடுந்தொடரின் மையநிகழ்வு எது? திருமணம். பெண் பார்த்தல், நிச்சயதார்த்தம், தாலி, நின்றுபோகும் கல்யாணம், மேடையில் மாறும் மணமகள் என்று வாரக்கணக்கில் நீள்வது அதுவே. காதலுக்கு எதிர்ப்பு வருகிறது. ஆனால் அந்த எதிர்ப்புக்குக் காரணம் பெரும்பாலும் பழைய பகை, பணம், அந்தஸ்து, சாதகம். தமிழ்நாட்டின் தெருக்களில் காதலுக்கு எதிராக அரிவாள் எடுக்கப்படுவதற்கான முதன்மைக் காரணம் மட்டும் கதையில் இடம்பெறுவதில்லை. தருமபுரியில் 2013இல் இளவரசனின் உடல் தண்டவாளத்தருகே கிடந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த ஆண்டுகளிலும் சின்னத்திரையில் கல்யாணங்கள் தடைபட்டன, சாதியால் அன்று.

சாதியின் பெயரைச் சொல்லாமலிருப்பது சாதியற்ற உலகைக் காட்டுவதாகாது. பூசையறை, வீட்டின் முற்றம், பரம்பரைச் சொத்து, குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை, 'நம்ம குடும்ப கௌரவம்' என்ற ஓயாத பேச்சு ஆகிய எல்லாம் சேர்ந்து அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை நமக்குத் தெரிவித்துவிடுகின்றன. அது ஒருபோதும் சேரியில் இருப்பதில்லை. சேரியிலிருந்து அவ்வீட்டுக்குள் யாரேனும் வந்தால் அவர் வேலை செய்ய வந்தவராகவே இருக்கிறார். பெயரில்லாமல் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போகிறார்.

நிறத்தைப் பற்றி மட்டும் அண்மைக்காலத் தொடர்கள் பேசத் தொடங்கியுள்ளன. 2019இல் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா', 2021இல் தொடங்கிய 'சுந்தரி' ஆகிய இரண்டிலும் கருநிறப் பெண் படும் இழிவே கதையின் தொடக்கம். இது வரவேற்கத்தக்கதே. எனினும், நிறத்தைச் சொல்லிச் சாதியைத் தவிர்க்கும் உத்தியாகவும் இது அமைந்துவிடுகிறது. நிறம் பிறப்பின் தற்செயல் என்று இரக்கம் கொள்ள முடியும். சாதியைப் பேசினால் அந்த இழிவை ஏற்படுத்தியவர் யார் என்ற கேள்வி எழும்.

கீழ்வேளூரிலிருந்து பார்க்கும்போது

நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் இடையே, காவிரிப் படுகையின் கடைமடையில் உள்ளது கீழ்வேளூர். 2008 தொகுதிச் சீரமைப்பில் தனித் தொகுதியாக உருவாக்கப்பட்டு, 2011இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20 விழுக்காடு. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலோ 30 விழுக்காட்டுக்கும் மேல். நடவு, களையெடுப்பு, அறுவடை என இந்த மண்ணின் நெல்லைத் தலைமுறைகளாக விளைவித்தவர்களில் பெரும்பங்கினர் நிலமற்ற தலித் மக்கள். அவர்களிலும் நடவுக்கும் களைக்கும் குனிந்தவர்கள் பெண்கள்.

கீழ்வெண்மணி இவ்வட்டத்தைச் சேர்ந்த ஊர். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும் செங்கொடியின்கீழ்ச் சங்கமாகத் திரண்டதும் குற்றமாகக் கருதப்பட்டன. 1968 டிசம்பர் 25 இரவில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. இந்நிகழ்வு புதினங்களாகவும் கவிதைகளாகவும் எழுதப்பட்டிருக்கிறது. 'ராமய்யாவின் குடிசை' என்ற பெயரில் பாரதி கிருஷ்ணகுமார் இயக்கிய ஆவணப்படமும் உண்டு.

நெடுந்தொடரின் இன்னொரு மையப்பொருளை இங்கே நினைத்துப் பார்ப்போம். அது சொத்து. அண்ணன் தம்பி பங்கு, பாட்டன் எழுதிய உயில், மருமகளின் உரிமை என்று எத்தனை தொடர்கள்! 2022இல் தொடங்கிப் பெரும் வரவேற்பைப் பெற்ற 'எதிர்நீச்சல்' தொடரில், குடும்பத்தின் மூத்த பெண்மணி ஒருவருடைய 40 விழுக்காட்டுப் பங்கு யாருக்கு என்பது பல மாதங்கள் நீண்ட கதை. ஆணாதிக்கத்தைக் கேள்விக்குட்படுத்தியது என்ற வகையில் அத்தொடரைப் பலரும் பாராட்டினர். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அங்கும் போராட்டம் சொத்துள்ள குடும்பத்தின் உள்ளேயே நிகழ்கிறது. அந்தச் சொத்து யாருடைய உழைப்பில் வந்தது என்று கேட்க ஒரு பாத்திரம் இல்லை.

பெண், நிலம், உரிமை என்ற மூன்றும் இணைந்த உண்மைக் கதை கீழ்வேளூரை அடுத்த கூத்தூரில் நிகழ்ந்திருக்கிறது. நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், வெண்மணிக் கொடுமைக்குப் பின் தம் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனுடன் கீழத்தஞ்சைக்கு வந்தார். 1981இல் 'லாஃப்டி' என்னும் உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளர்களுடன் பேசி, வங்கிக் கடனும் அரசு உதவியும் பெற்று, நிலத்தை விலைக்கு வாங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிலமற்ற குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தது அவ்வியக்கம். பட்டா பெண்ணின் பெயரில் பதிவாயிற்று. இப்பணிக்காக இருவருக்கும் 2008இல் சுவீடனின் 'வாழ்வுரிமை விருது' கிடைத்தது. கிருஷ்ணம்மாளுக்கு 2020இல் பத்மபூஷண் வழங்கப்பட்டது.

ஒரு பெண் தன் பெயரில் ஓர் ஏக்கர் நிலம் பெறுவதற்கு எத்தனை தடை, எத்தனை பேரம், எத்தனை மிரட்டல், எத்தனை தந்திரம்! தொடருக்குத் தேவையான திருப்பங்கள் அனைத்தும் அதில் இருக்கின்றன. உலகம் விருது கொடுத்த அந்தக் கதை, சொத்துச் சண்டையை நாள்தோறும் காட்டும் சின்னத்திரையின் கண்ணில் கதையாகவே படவில்லை.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று முரணையும் சுட்ட வேண்டும். சன் குழுமத்தை நிறுவிய கலாநிதி மாறனின் தந்தை முரசொலி மாறன் பிறந்த ஊர் திருக்குவளை. கலைஞர் கருணாநிதி பிறந்ததும் அவ்வூரே. கீழ்வேளூருக்கு அது அண்டை ஊர். கலைஞரின் அரசு 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. பண்ணையார் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்று படம் பார்த்த தலைமுறைக்குப் பின், சேரியின் வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டி வந்தது. அதைச் சிறுமைப்படுத்த நாம் விரும்பவில்லை. யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் பார்க்க முடிவது ஒரு விடுதலை. பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்த வீடு மட்டும் பெட்டிக்குள் போகவில்லை.

யாருடைய பார்வை எண்ணப்படுகிறது?

'மக்கள் விரும்புவதைத்தான் காட்டுகிறோம், மக்கள் விரும்பியவர்களுக்குத்தான் விருது தருகிறோம்' என்பது தொலைக்காட்சிகளின் நிலையான விடை. மக்களின் விருப்பம் எவ்வாறு அறியப்படுகிறது என்று பார்ப்போம்.

பார்வையாளர் அளவீட்டை 'பார்க்' என்னும் அமைப்பு 2015 முதல் செய்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் கருவி பொருத்தி, அவ்வீடுகளின் பார்வையிலிருந்து மொத்தப் பார்வையாளர்களைக் கணிக்கும் முறை இது. கிராமப்புறம் அதன் கணக்கில் சேர்ந்தது அந்த ஆண்டு அக்டோபரில். அதற்கு முன்பிருந்த அளவீடு நகரங்களையே சார்ந்திருந்தது. அதாவது, 2010இல் முதல் 'குடும்பம்' விருது வழங்கப்பட்டபோது, கீழ்வேளூர் வட்டத்துக் கிராமங்களின் பார்வை தரவரிசையில் எண்ணப்படவே இல்லை.

எண்ணப்பட்ட பின்னரும் எல்லாப் பார்வையும் ஒரே விலை பெறுவதில்லை. வீடுகளை வகைப்படுத்த விளம்பரத் துறை 2011 முதல் ஒரு முறையைப் பயன்படுத்துகிறது. குடும்பத்தில் மிகுதியாகப் பொருளீட்டுபவரின் கல்வி ஒன்று. அவ்வீட்டிலுள்ள பொருள்கள் மற்றொன்று. பதினொரு பொருள்கள் கொண்ட பட்டியலில் மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வண்டி, குளிர்பதனப் பெட்டி, மகிழுந்து முதலியவற்றோடு வேளாண் நிலமும் ஒன்று. இவ்விரண்டையும் வைத்து வீடுகள் உயர்நிலையிலிருந்து கடைநிலை வரை அடுக்கப்படுகின்றன. மேலடுக்கு வீடுகளின் பார்வையை நாடும் விளம்பரதாரரே மிகுதி.

கல்வியும் நிலமும் தலைமுறைகளாக யாருக்கு மறுக்கப்பட்டன என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அளவுகோலில் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் சாதி எவற்றைப் பறித்ததோ அவற்றையே அது எண்ணுகிறது. நிலமற்ற வேளாண் தொழிலாளியின் வீடு கடையடுக்கில் விழுவது தற்செயலன்று. கதையை யாருக்காக எழுதுவது என்ற முடிவு, இவ்வாறு, எழுத்தாளரின் மேசைக்கு வருமுன்னரே எடுக்கப்பட்டுவிடுகிறது.

பகல்நேரத் தொடரின் பார்வையாளர் 'இல்லத்தரசி' என்ற கற்பிதமும் இதனோடு சேர்ந்தது. நடவுக் காலத்தில் விடியுமுன் வயலுக்குப் போகிற பெண்ணுக்கும், நூறு நாள் வேலைத்திட்டத்தில் வாய்க்கால் வெட்டும் பெண்ணுக்கும் பகல் என்பது ஓய்வுநேரமன்று. வேலை கிடைக்காத நாள்களிலோ வேலை முடிந்த பிற்பகலிலோதான் அவர் பார்வையாளராகிறார். அந்தப் பெண்ணின் பகல் எவ்வாறு கழிகிறது என்பதே பகல்நேரத் தொலைக்காட்சிக்குத் தெரியாது.

அரசின் விருதும் நம் உரிமையும்

தனியார் விருதைக் கேள்வி கேட்கலாம், கட்டாயப்படுத்த இயலாது. அரசின் சின்னத்திரை விருது வேறு. அது பொதுப்பணத்தில், பொதுமக்களின் பெயரால் வழங்கப்படுவது.

அதன் நடைமுறை எப்படி இருந்திருக்கிறது? 2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகளுக்குரிய சின்னத்திரை விருதுகள் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. அவை வழங்கப்பட்டது 2022 செப்டம்பர் 4 அன்று, சென்னை கலைவாணர் அரங்கில். 2009இல் ஒளிபரப்பான தொடருக்கு 13 ஆண்டுகள் கழித்து விருது! அதற்குள் பல தொடர்கள் மக்களின் நினைவிலிருந்தே மறைந்துவிட்டன. காலந்தாழ்ந்த விருது, நடிகருக்கும் எழுத்தாளருக்கும் மட்டும் இழப்பன்று. வணிக அளவுகோலுக்கு மாற்றாக வேறோர் அளவுகோலை ஆண்டுதோறும் முன்வைக்கும் வாய்ப்பை அரசு இழந்தது. அந்த இடத்தை முழுமையாகத் தனியார் 'குடும்ப' விழாக்கள் நிரப்பிக்கொண்டன.

அரசமைப்பின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழிக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நலன்களைத் தனி அக்கறையுடன் வளர்க்க வேண்டும் என்று 46ஆம் கூறு அரசுக்கு வழிகாட்டுகிறது. சாதி ஒழிப்பையும் சமூகநீதியையும் தன் கொள்கையென அறிவித்துக்கொள்ளும் மாநிலத்தில், அரசு தரும் சின்னத்திரை விருதுக்கு அக்கொள்கையோடு தொடர்பு இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையன்று.

'பார்வையாளர் ஏற்கமாட்டார்கள்' என்ற வாதம்

சாதியைப் பேசினால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது இத்துறையில் வழங்கும் நம்பிக்கை. அதைப் பொய்யாக்கிய சான்று அண்டை மாநிலத்தில் உண்டு. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தித் தொடர் ஒன்று 2019 டிசம்பரில் தொடங்கியது. 2020இல் ஜீ கன்னடா அதைக் கன்னடத்தில் மொழிமாற்றி 'மகாநாயகா' என்ற பெயரில் ஒளிபரப்பியது. மொழிமாற்றுத் தொடர்களுக்கு நெடுங்காலமாக எதிர்ப்பு நிலவிய மாநிலம் அது. ஆயினும் கர்நாடகத்தின் ஊர்களில் இளைஞர்கள் தொடரை வரவேற்றுப் பதாகைகள் வைத்தார்கள். ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லித் தமக்கு மிரட்டல்கள் வந்ததாக அத்தொலைக்காட்சியின் தலைமைப் பொறுப்பிலிருந்த ராகவேந்திர ஹுன்சூர் வெளிப்படையாகத் தெரிவித்தார், தொடர் நிற்கவில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. பார்ப்பதற்கு மக்கள் இருக்கிறார்கள் என்பது ஒன்று. பார்க்கவிடாமல் தடுக்க முயல்பவர்களும் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. 'மக்கள் ஏற்கமாட்டார்கள்' என்று சொல்லும்போது, இவ்விரு தரப்பினரில் எவரை 'மக்கள்' என்கிறார்கள் என்பதே கேள்வி.

கதையை எழுதும் அறையில் யார் இருக்கிறார்கள் என்பதும் இதனோடு இணைந்தது. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில, இந்தி ஊடகங்களின் செய்திப்பிரிவுத் தலைமைப் பொறுப்புகள் 121ஐ ஆராய்ந்தது. அவற்றுள் 106இல் உயர்த்திக்கொண்ட சாதியினர் இருந்தனர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. அது செய்தித்துறையைப் பற்றிய ஆய்வு. பொழுதுபோக்குத் துறைக்கும் அதுபோன்ற கணக்கெடுப்பு நமக்குத் தேவை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கணக்கெடுப்பு. இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஒரு மாதத்துக்குப் பகல்நேரத் தொடர்களைப் பகிர்ந்துகொண்டு பார்க்கலாம். கதை நிகழும் வீடு எத்தகையது, உழைக்கும் பாத்திரங்களுக்குப் பெயர் உண்டா, திருமணத் தடைக்குச் சொல்லப்படும் காரணம் என்ன, சேரி காட்டப்படுகிறதா, யார் யாருடன் அமர்ந்து உண்கிறார்கள் என்னும் ஐந்து கேள்விகளுக்கு விடை குறித்தால் போதும். ஊடகவியல், சமூகவியல் துறை மாணவர்கள் இதைத் தம் ஆய்வேடாகவும் மேற்கொள்ளலாம்.

இரண்டாவது, தகவல் கோருதல். அரசின் சின்னத்திரை விருதுத் தேர்வுக்குழுவில் யார் இருந்தனர், தேர்வு விதிகள் யாவை, எத்தனை விண்ணப்பங்கள் வந்தன என்பவற்றைத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ்ச் செய்தி மக்கள் தொடர்புத் துறையிடம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். விடை வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

மூன்றாவது, முறையீடு. ஒரு தொடரில் சாதி இழிவு இடம்பெற்றால் அதைக் கடந்துபோக வேண்டியதில்லை. 2021 ஜூனில் திருத்தப்பட்ட கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளின்படி, முதலில் அந்தத் தொலைக்காட்சியிடமே எழுத்தில் முறையிட வேண்டும். 15 நாள்களுக்குள் அது தீர்வளிக்க வேண்டும். நிறைவில்லையெனில் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பிடமும், அதற்கு மேல் ஒன்றிய அரசிடமும் செல்லலாம். நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைத் தவறாமல் குறிக்க வேண்டும். பட்டியல் சாதியினர்மீது பகையையோ வெறுப்பையோ வளர்க்கும் காட்சிகள், 2016 முதல் நடைமுறையிலுள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின் 3(1)(u) பிரிவின்கீழ்க் குற்றமாகவும் அமையக்கூடும்.

நான்காவது, கோரிக்கை. அரசின் சின்னத்திரை விருது ஆண்டுதோறும் உரிய காலத்தில் வழங்கப்பட வேண்டும். தேர்வுக்குழுவில் தலித் எழுத்தாளர்களும் கலைஞர்களும், அவர்களுள் பெண்களும், இடம்பெறுவது விதியாக்கப்பட வேண்டும். சாதி ஒழிப்பையும் உழைக்கும் பெண்களின் வாழ்வையும் பொருளாகக் கொண்ட தொடருக்குத் தனிப் பிரிவு வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவுகளைச் சேர்ந்த இளைஞர்களுக்குத் திரைக்கதைப் பயிற்சியும் உதவித்தொகையும் அளிக்கப்பட வேண்டும். மேடையில் பரிசு வாங்குபவரை மாற்ற வேண்டுமெனில், எழுதும் அறைக்குள் செல்பவரை முதலில் மாற்றியாக வேண்டும்.

இவற்றைப் பேசும்போது, வெண்மணியும் நிலமும் கூலியும் இருக்க ஒரு தொலைக்காட்சி விருதுக்கு இத்தனை சொற்களா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கூலிப் போராட்டமும் நிலப் போராட்டமும் முதன்மையானவை என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அரைப்படி நெல் கேட்டதை ஏன் அவர்களால் பொறுக்க முடியவில்லை? கூலி கூடுவதைவிட, கேட்கத் துணிந்த மனிதர் தம்மைச் சமமாக எண்ணிவிட்டார் என்பதே அவர்களை உறுத்தியது. சமமானவர் என்று ஒருவரை எண்ணுவதும் எண்ண மறுப்பதும் மனத்தில் விளைபவை. அந்த மனத்தை இன்று நாள்தோறும் பல மணி நேரம் உழுதுகொண்டிருப்பது சின்னத்திரை. அதில் என்ன விதைக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை, அதைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. நெல்லை விளைவித்தவர்களுக்கு அந்த உரிமை இரட்டிப்பாக உண்டு.